கப்பல் நேரம், கரை நேரம்

மகன்,

நீ அனுப்பிய குரல்செய்தியை நான்கு தடவை கேட்டேன். கல்யாணம் முடிந்த கையோடு நீயும் யாழினியும் பத்து நாள் கப்பலில் போகப்போகிறீர்கள். என்ன கொண்டுபோக வேண்டும், எந்த அறை எடுக்க வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்றெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்கதானேப்பா போய் வந்த ஆள், சொல்லுங்கோ" என்று முடித்திருந்தாய். பதிலுக்கு நானும் பேசி அனுப்பத்தான் பார்த்தேன். மூன்று முறை பொத்தானை அழுத்தி மூன்று முறையும் விட்டுவிட்டேன். பேச வராமல் இல்லை. என் குரல் எனக்கே கந்தோரில் யாரோ அறிவித்தல் வாசிப்பதுபோலக் கேட்டது. அதனால் கோடு போட்ட தாளில் எழுதுகிறேன். முடித்ததும் படமெடுத்து அனுப்புவேன். யாழினிக்கு என் கையெழுத்து விளங்காது, நீயே வாசித்துக் காட்டு. இது அவளுக்கும் சேர்த்துத்தான்.

அம்மா போய் ஒரு வருடத்தில் செய்த ஆட்டைத் திவசம் முடிந்து இரண்டு மாதமாகிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். காலையில் உட்துறைமுக வீதியால் நடந்துபோய்த் திரும்பும்போது பேக்கரியில் பாண் வாங்கிவருகிறேன். சாப்பாட்டில் உப்புக் கூடினால் தெரிகிறது, ஆனால் வேறு யாருக்கோ தெரிவதுபோலத் தெரிகிறது. வைத்தியர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். செத்தவீட்டில் நீ என் தோளைப் பிடித்து, "அப்பா, ஒருக்கா அழுதிடுங்கோ" என்றாய். நான் ஓம் என்றேன். அந்த ஓமுக்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் நடக்கவில்லை. நீ கவலைப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை. இந்தக் கடிதம் எங்காவது குளிர்ந்துபோய்க் கிடந்தால் அது உன்மேல் உள்ள கோபம் இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் போய்ச் சேருகிற விஷயம். கப்பல் புறப்படுகிற நாளில் விமானத்தில் போய் இறங்காதே. முதல் நாளே போய் அந்த ஊரில் தங்கு. நான் ஓய்வுபெற்ற வருடம் நீ எங்கள் இருவரையும் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பலுக்கு அனுப்பியபோது, அன்றைக்கே போனால் போதும் என்று நான்தான் உன்னோடு வாதாடினேன். நீ விடவில்லை. கொழும்பில் எங்கள் விமானம் ஆறு மணித்தியாலம் பிந்தியது. நாங்கள் மறுநாள் கப்பலுக்குப் போகிறவர்கள் என்பதால் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். அதே விமானத்தில் வந்த ஒரு குடும்பம் அன்று பின்னேரமே வேறொரு கப்பலைப் பிடிக்க வேண்டியவர்கள். சிங்கப்பூரில் இறங்கியபோது அந்தத் தாய் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர்கள் பிடித்தார்களா என்று தெரியாது. அம்மா மட்டும் அறைக்குப் போகும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

விசா விஷயத்தில் உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான். ஆனாலும் யாழினியின் கடவுச்சீட்டு வேறு நாட்டுடையது. உனக்குத் தேவையில்லாத இடத்தில் அவளுக்குத் தேவைப்படலாம், அவளுக்குத் தேவையில்லாத இடத்தில் உனக்குத் தேவைப்படலாம். கப்பல் தொடுகிற ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இருவர் பெயரையும் எழுதி, தனித்தனியாகப் பார். பல தடவை நுழைகிற விசாவாக எடு. நீ வற்புறுத்தி எடுப்பித்த அந்த விசாதான் எனக்குப் பிறகு கைகொடுத்தது. அதைச் சொல்லத்தான் வருகிறேன். பயணக் காப்புறுதியும் எடு. கடலில் நோய் வருத்தம் வந்தால் கரைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குகிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்.

அறையைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் எடு. மேலே போகப்போக, முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிப்போகப்போக ஆட்டம் கூடும். தட்டுகளின் வரைபடத்தை விரித்து உன் அறைக்கு நேர்மேலே என்ன இருக்கிறது என்று பார். எங்கள் அறைக்கு மேலே சாப்பாட்டு மண்டபம் இருந்ததால், விடியுமுன் கதிரை இழுக்கும் சத்தத்தில்தான் நாங்கள் எழும்பினோம். அறை நடுவில்தான் இருந்தது, அதை நான்தான் தெரிந்தெடுத்தேன். முப்பது வருடம் இந்தத் துறைமுகத்தில் பைலட் படகு ஓட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று உனக்கும் சொன்னேன், அம்மாவுக்கும் சொன்னேன். வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு கப்பலுக்கும், அதைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவருகிற பைலட்டைக் கொண்டுபோய் விட்டவன் நான். அவர் கயிற்றேணியில் ஏறுவார், நான் கீழே படகை அணைத்துப் பிடிப்பேன். பயணிகள் கப்பல்கள் வந்தால் அவற்றையும் அப்படித்தான் பார்த்தேன், ஒரு வெள்ளைச் சுவராக. சுவரைப் பார்த்ததை வைத்து வீட்டைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் பின்னேரமே எனக்குக் கடல் மயக்கம் வந்தது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. மாரிக்கடலில் படகு ஓட்டியவன், பன்னிரண்டு மாடி உயரமான கப்பலில், அலையே இல்லாத கடலில் சத்தி எடுத்தேன். படகில் சுக்கான் என் கையில் இருக்கும், அடுத்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று என் கைக்குத் தெரியும். கப்பலில் என் கைக்கு வேலையில்லை. அம்மா ஒரு வாளியைப் பிடித்தபடி நெற்றியில் ஈரத்துணி வைத்தாள். யாருக்கும் சொல்லாதே என்றேன். அவள் சாகும்வரை சொல்லவில்லை. ஆகையால் மகன், வீம்பு பார்க்காமல் மயக்கத்துக்கான குளிசையை வயிறு கலங்குமுன் போடு. கலங்கியபிறகு போட்டுப் பயனில்லை. அறைக்குள் படுக்காமல் வெளித்தட்டுக்கு வந்து தொடுவானத்தைப் பார். இஞ்சியும் பச்சை அப்பிளும் உதவும்.

பெரிய பெட்டிகளைத் துறைமுக வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும். குளிசைகள், கடவுச்சீட்டு, மாற்று உடுப்பு ஒன்று, நீந்துகிற உடுப்பு, இவ்வளவும் கைப்பையில் இருக்கட்டும். கைப்பை பாரமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் பெட்டிக்குள் போடவைத்தவன் நான். மற்றவர்கள் உடுப்பு மாற்றித் தண்ணீரில் இறங்கியபோது அம்மா பயணச் சேலையோடு ஓரமாக இருந்தாள். பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைப்பார்கள், கட்டாயம் போ. அங்கேயும் நான் எனக்குத் தெரிந்த கதைதானே என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, நாங்கள் எந்த இடத்தில் ஒன்றுகூட வேண்டும் என்று அம்மாவைத்தான் கேட்டேன். அவள் அந்த இடத்தின் எழுத்தையும் இலக்கத்தையும் சொன்னாள், போகிற படிக்கட்டையும் சொன்னாள்.

சாப்பாடு. சைவம் என்று பதியும்போதே சொல்லு, முதல் இரவு மேசைக்கு வருகிற பரிசாரகருக்கும் மறுபடி சொல்லு. அடுத்த நாளிலிருந்து அவர்களே பார்த்துக்கொள்வார்கள். காலையில் எல்லோரும் தட்டோடு வரிசையில் நிற்கும் மண்டபத்துக்குப் போகாமல், கீழே இருத்திப் பரிமாறுகிற இடத்துக்குப் போ. அங்கே நெருக்கடி இல்லை. சுடச்சுட வரும்.

இனி முக்கியமானது. ஒவ்வொரு மாலையும் அடுத்த நாள் நிகழ்ச்சிகளை அச்சடித்து அறையில் வைப்பார்கள். நான் அந்தத் தாளையும் ஒரு பேனையையும் எடுத்து, வேலைப் பட்டியல் போடுவதுபோல அடையாளம் போட்டேன். ஏழரைக்குச் சாப்பாடு, ஒன்பதுக்கு ஐஸில் சிலை செதுக்குவது, பத்துக்கு விரிவுரை, பதினொன்றுக்குச் சமையல் காட்டுவது. ஒன்றையும் விடக்கூடாது என்று அம்மாவை இழுத்துக்கொண்டு திரிந்தேன். அவள் ஓரிடத்தில் கதிரையைக் கண்டு உட்கார்ந்தால் நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன். உடனே எழும்பி வருவாள். வீட்டிலும் அப்படித்தான் இருந்தோம் என்று இப்போது தெரிகிறது. என் வேலை நேரத்துக்கு எழும்பினாள், என் வேலை நேரத்துக்குச் சமைத்தாள், அதற்கிடையில் தபால் கந்தோர் வேலைக்கும் போய் வந்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு அவளுடைய நேரத்தையும் நானே பார்க்கத் தொடங்கினேன்.

நான்காம் நாள் கப்பல் புக்கெட் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டது. கரைக்குக் கப்பலின் சிறு படகுகளில் கொண்டுபோய் விட்டார்கள். நான் தொப்பி, குடை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். அம்மா கட்டிலில் இருந்தபடி சொன்னாள், "இண்டைக்கு எனக்கு ஏலாது. நீங்க போய்ட்டு வாங்கோ."

என்ன செய்கிறது என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல். எனக்கு அது பிடிக்கவில்லை. தொப்பியைக் கட்டிலில் எறிந்துவிட்டுத் தனியே போனேன்.

கைக்கடிகாரத்தைத் தொலைத்துவிடுவேன் என்று அறையில் இருந்த சின்ன இரும்புப் பெட்டிக்குள், கடவுச்சீட்டுகளோடு வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனேன். கரையில் ஒரு கடையில் போனைத் திறந்து உனக்கு ஒரு படம் அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா, நீல நிறப் படகு ஒன்று. அந்த நேரம் போன் தானாகவே அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிட்டது. கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் இருந்தது. கரை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. கப்பல் நேரத்தையே பாருங்கள் என்று நிகழ்ச்சித் தாளின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அடையாளம் போட்ட நான் அந்த வரியை வாசிக்கவில்லை.

கடற்கரையில் ஒரு மனிதர் தன் நீளமான படகின் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். லொறி இயந்திரம், அதன் தண்டு பத்தடி நீளத்துக்குப் பின்னால் நீண்டு அதன் முனையில் விசிறி. நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. கையால் கேட்டேன், கையால் காட்டினார். பிறகு சேட்டின் கையை மடித்துக்கொண்டு நானும் குந்திவிட்டேன். எண்ணெய் வருகிற குழாயில் அடைப்பு. இருவரும் சேர்ந்து எடுத்தோம். இயந்திரம் பிடித்தபோது அவர் என் முதுகில் தட்டினார். அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு மணித்தியாலம்தான். இதையும் நான் யாருக்கும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்தச் சந்தோஷத்தில் அம்மாவை நான் ஒருதரம்கூட நினைக்கவில்லை.

கடைசிப் படகு நான்கு மணிக்கு. நான் இறங்குதுறைக்கு வந்தபோது போனில் மூன்று இருபது. நாற்பது நிமிடம் முந்தி வந்துவிட்டேன் என்ற பெருமையோடு வந்தேன். கப்பல்காரர் போட்டிருந்த கூடாரத்தைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்கள். சிறு படகுகளை மேலே தூக்கியாகிவிட்டது. கப்பலின் முன்பக்கம் நங்கூரச் சங்கிலி ஏறுவதும், அதைக் கழுவுகிற தண்ணீர் கொட்டுவதும் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள், ஒரு படகைப் பிடித்துத் துரத்தியிருப்பார்கள். எனக்குத் தெரியும். சங்கிலி ஏறத் தொடங்கிய கப்பல் ஓராளுக்காக நிற்காது, ஏணி இறக்காது. அதனால் சும்மா நின்றேன். கப்பல் தலையைத் திருப்பியது. அதற்குள் அம்மா இருந்தாள்.

கப்பலின் கரை முகவர் ஒரு பெண், குடையோடு என்னைத் தேடி வந்தார். ஓராள் திரும்பவில்லை என்று கண்டதும் கப்பலில் இருந்து என் பொருட்களைக் கரைக்கு அனுப்பிவிட்டார்கள், அதுதான் வழக்கம் என்றார். ஒரு பை தந்தார். உள்ளே என் கடவுச்சீட்டு, என் கைக்கடிகாரம், பிரஷர் குளிசை, வாசிக்கிற கண்ணாடி, மடித்த ஒரு சேட். கப்பல் அடுத்த நாள் முழுக்கக் கடலில் போகும், அதற்கடுத்த காலை பினாங்கு. தரையால் போய் அங்கே ஏறலாம் என்றார். உங்கள் மனைவி அமைதியாக இருக்கிறார் என்று சொல்லச் சொன்னார்கள் என்றும் சொன்னார். அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். மறுநாள் முகவர் என்னைக் குடிவரவுக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து நீ எடுப்பித்த விசாவோடு, வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் எல்லை தாண்டினேன். வழி முழுக்க அவள் அழுதுகொண்டு, சாப்பிடாமல், கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பாள் என்றே நினைத்தேன். எப்படித் தேற்றுவது என்று வசனங்கள்கூட யோசித்து வைத்தேன்.

பினாங்கில் ஏறியபோது அவள் அறையில் இல்லை. ஒன்பதாம் தட்டில், நிழலில், சாய்கதிரையில் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிள்ளான் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பள்ளிக்கூட ரீச்சர். அம்மாவின் கையில் சிவப்பு நிறத்தில் ஏதோ குடிபானம்.

"வந்திட்டீங்களோ? சாப்பிட்டீங்களோ?"

"நீ பயப்பிடேல்லையா?" என்று கேட்டேன்.

"ஏன் பயப்பிட? கப்பல் தானே போகுது." பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்தப் பெட்டி திறக்க நம்பர் கேட்டவை. எனக்கென்ன தெரியும். அவையே திறந்து எடுத்தவை" என்றாள்.

மகன், இரும்புப் பெட்டியின் எண்ணை யாழினிக்கும் சொல்லு. முதல் நாளே சொல்லு. நான் அவளுக்குச் சொல்லவில்லை என்பது, யாரோ ஓர் அதிகாரி அவளுக்கு முன்னால் அந்தப் பெட்டியைத் திறந்து என் கடவுச்சீட்டைத் தேடியபோதுதான் அவளுக்கே தெரிந்திருக்கும்.

அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சந்தோஷப்படவும் இல்லை. அவள் பயப்படவில்லை என்பதில் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். மேலே வந்து பாருங்கோ, மீன் துள்ளுது என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். தலையிடி என்றேன். அந்த ஒன்றரை நாள் நீ என்ன செய்தாய் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

வீட்டுக்கு வந்தபிறகு செய்தது அதைவிட மோசம். பயணம் எப்படி என்று விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் கப்பல் என்னை விட்டுவிட்டுப் போன கதையைப் பகிடியாகச் சொன்னேன். நான் சொன்ன கதையில் அம்மா அழுதாள். கப்பல் தலைவரின் கையைப் பிடித்து, கப்பலைத் திருப்புங்கோ என்று கெஞ்சினாள். சாப்பாட்டைத் தொடவில்லை. என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். உனக்கும் அப்படித்தான் போனில் சொன்னேன், நீயும் சிரித்தாய். என்னோடு படகில் இயந்திரம் பார்த்த கிண்ணியா நசார் வந்தபோது, அம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றாள். நான் அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். அவள் கோப்பைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். சீனி போதுமா என்று நசாரைக் கேட்டுவிட்டுக் குசினிக்குப் போனாள்.

ஒருநாள் நீ அவளோடு போனில் கதைக்கும்போது, கப்பலில் எந்த நாள் நல்ல நாள் என்று கேட்டாய்போல. நான் முன்னறையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். "அப்பாவை விட்டிட்டுப் போன நாள்" என்று சொல்லிச் சிரித்தாள். நீயும் பகிடி என்று நினைத்துச் சிரித்திருப்பாய். எனக்கு அது பகிடி இல்லை என்று தெரிந்தது. பேப்பரை வைத்துவிட்டு வெளியே போய், படகுத்துறைவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்போதும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து நாலு மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மற்றது உனக்குத் தெரியும்.

திவசம் முடிந்து நீ போனபிறகு அவளுடைய அலுமாரியை ஒதுக்கினேன். போன் இருந்தது. ஏற்றிப் பார்த்தேன். பூட்டு எண் ஒன்றும் இல்லை, ஒளிக்க அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த நாளின் படங்கள் முப்பதுக்குமேல் இருந்தன. ஒரு தட்டில் பழத்துண்டும் இரண்டு கேக்கும். கைப்பிடிக் கம்பியில் தூக்கி வைத்த அவளுடைய இரண்டு கால்கள். நீச்சல் குளத்தின் விளிம்பில் சேலையை முழங்கால்வரை ஒதுக்கிக்கொண்டு இருக்கிறாள், நான் கட்டிலில் எறிந்த தொப்பியை அவள் போட்டிருக்கிறாள். இன்னொன்றில் நான்கு பெண்கள் சீட்டு விளையாடுகிறார்கள். அம்மாவின் கையில் சீட்டுகள் விசிறிபோல விரிந்திருக்கின்றன. அவளுக்கு எங்கள் ஊர் முந்நூற்றிநாலு ஆட்டம் விளையாடத் தெரியும் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் தம்பிமாரோடு விளையாடியிருப்பாள். அந்த மூன்று பெண்களுக்கும் அவள்தான் பழக்கியிருக்க வேண்டும், ஒருத்தி சீட்டைப் பிடித்திருக்கும் விதத்திலேயே புதிது என்று தெரிகிறது.

போன கிழமை பஸ் எடுத்துக் கிண்ணியாவுக்குப் போனேன். நசார் வாசலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். நான் உட்காரவும் இல்லை. அம்மா கப்பலில் அழவில்லை, நான் சொன்னது பொய் என்று சொன்னேன்.

"தெரியும் அண்ணன். அண்ணி அழுற ஆளில்லையே" என்றார் நசார்.

பிறகு எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார். நான் சொன்ன மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போகிறேன். இன்னும் மூன்று வீடு இருக்கிறது. உனக்கு இந்தக் கடிதத்தில் சொல்லிவிட்டேன்.

ஆகவே மகன், இதுவரை எழுதியதில் மறந்துபோகிறதெல்லாம் போகட்டும், இதை மட்டும் செய். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கையில் கட்டு. கழற்றாதே. போன் சொல்கிற நேரத்தை நம்பாதே. தனியாகக் கரைக்குப் போனால் கடைசிப் படகுக்கு ஒரு மணித்தியாலம் முந்தித் துறையில் நில். கப்பல்காரரே ஒழுங்குசெய்கிற சுற்றுலா என்றால் பிந்தினாலும் உங்களுக்காக நிற்பார்கள். நிகழ்ச்சித் தாளை யாழினியின் கையில் கொடு. அவள் ஒன்றுக்கும் அடையாளம் போடாவிட்டால் ஒன்றுக்கும் போகாதீர்கள். பத்து நாளில் ஒரு நாள் நீ உன் பாட்டுக்குப் போ, அவள் தன் பாட்டுக்கு இருக்கட்டும். அதற்காகக் கப்பலைத் தவறவிட வேண்டியதில்லை, வேறு தட்டுக்குப் போனால் போதும். மாலையில் சாப்பாட்டு மேசையில், இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேள். அவள் சொல்லும்போது இடையில் உன் கதையைச் சொல்லாதே. எனக்கு எவ்வளவு நேரமும் இருந்தது, கேட்கத்தான் தெரியவில்லை.

விசா வந்துவிட்டது. கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன். வேட்டியும் தைத்த சேட்டும் எடுத்துவைத்திருக்கிறேன்.

அந்தப் படங்களின் கடைசியில் ஒரு சின்ன வீடியோவும் இருக்கிறது. படம் எடுக்கிறேன் என்று நினைத்து மாறி அழுத்தியிருப்பாள். பதினொரு விநாடி. கடல்தான் தெரிகிறது, கம்பியின் ஒரு துண்டும். அந்தக் கிள்ளான் ரீச்சரின் குரல் கேட்கிறது, உங்க சார் எப்போ வந்து சேருவாரு என்று. அம்மாவின் குரல் பக்கத்திலேயே கேட்கிறது.

"வருவார். ஆறுதலா வரட்டும்."

அவ்வளவுதான். பிறகு காற்று. யாழினி வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, ஆறுதலா என்றால் அவளுக்கு விளங்காது. அவசரப்படாமல், மெல்ல என்று நீ சொல்லிக்கொடு. நான் அதைத் தினம் ஒரு தரம் கேட்கிறேன். அழுகை இன்னும் வரவில்லை. ஆனால் கேட்கும்போது, கையில் என்ன இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

அப்பா